மைக் என் பக்கம் வரும்வரை

செல்வமணி சார் இன்னும் முடிக்கவில்லை. நிருபர்களிடம் ஜெயித்த கோச் முதலில், தோற்ற கோச் பிறகு பேசுவது என்பது இந்தப் போட்டியின் வழக்கம். ஆகையால் அந்த மனிதர் பேசி முடிக்கும்வரை நான் இந்த நீலத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தோற்றாலும் பெருந்தன்மையாக இருக்கிறாள் பார் என்று நாலு பேர் சொல்லும்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். என் முகம் அப்படியெல்லாம் நிற்காது. இத்தனை வருடம் கூடவே இருக்கும் முகம், எனக்குத் தெரியாதா. "எல்லாம் பொண்ணுங்க உழைப்புங்க. நான் சும்மா ஓரமா நின்னு தண்ணி குடுத்தவன்," என்கிறார் செல்வமணி சார். கைதட்டல். தண்ணீர் கொடுத்தவராம். முதல் பாதி முழுக்கக் கோட்டுக்கு வெளியே நின்று அந்தப் பெண்களை எருமை, தண்டம், வீட்டுக்குப் போய்ச் சட்டி கழுவு என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. மைக்கைக் கண்டதும் அதே வாயில் தேன் வழிகிறது. நிறைகுடம் தளும்பாது என்கிறார். முன்வரிசைக்காரர்கள் எழுதிக்கொள்கிறார்கள். போன வருடம் இவர் தோற்றபோது யானைக்கும் அடி சறுக்கும் என்றார், அதையும் எழுதிக்கொண்டார்கள். ஜெயித்தால் குடம், தோற்றால் யானை, சமமாக முடிந்தால் என்ன சொல்வாரோ. கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் கால்பந்து இறுதி ஆட்டம், திருச்சி வெயில், இரண்டுக்கு ஒன்று என்று தோற்றிருக்கிறோம். நான் கடலூர்ப் பக்கத்து மகளிர் கல்லூரி ஒன்றின் உடற்கல்வி இயக்குநர், பெயர் ராஜகனி. என் முன்னால் வைத்திருக்கும் அட்டையில் ராஜக்கனி என்று போட்டிருக்கிறார்கள். போகட்டும்.

வாசலில் வைத்து எங்கள் கல்லூரிச் செயலாளர் என்னை ஓரம் கட்டினார். ஓரம் கட்டுவதற்கென்றே அவர் குரலில் ஒரு தணிவு உண்டு. "மேடம், ஒண்ணும் பெரிசா வேண்டாம். கீப்பர் ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டா, அதுல ஆட்டம் கையவிட்டுப் போச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு எறங்கிடுங்க. சீஃப் கெஸ்ட் மனசு நோகுற மாதிரி எதுவும் வந்துடக்கூடாது. நம்ம கிரவுண்டுக்கு அவர்தான் புல் போட்டுத் தர்றேன்னிருக்காரு." கீப்பர் ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டா. எத்தனை லேசான வாக்கியம். யாருக்கும் வலிக்காது, எழிலரசிக்கு மட்டும்தான் வலிக்கும். நாளைக்குப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தேர்வுக்குழுவில் இருக்கும் மூன்று பேரும் இன்று காலரியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நாளைக் காலையில் அவர்கள் பேப்பரைப் பிரிக்கும்போது அவள் கோச்சே அவளைச் சொல்லியிருந்தால் எழிலரசி என்ற பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். பல்கலைக்கழக அணியில் ஆடினால்தான் போலீசில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும், அதற்காகத்தான் அந்தப் பெண் மூன்று வருடமாகத் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் விடியலுக்கு முன்னால் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறாள். எல்லாம் ஒரு சின்னத் தப்பில் முடியலாம், நான் வாயைத் திறந்து அந்த ஐந்து வார்த்தையைச் சொன்னால் போதும். நான் செயலாளருக்குத் தலையாட்டினேனா? ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். பழக்கதோஷம். இப்போது முதல் வரிசையில் இருந்தபடி என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறக்கிறார், எல்லாம் சரிதானே என்பதுபோல. எதுவும் சரியில்லை ஐயா.

செல்வமணி சார் இப்போது தாளாளருக்கு வந்திருக்கிறார், தாளாளரிலிருந்து முதல்வருக்குப் போவார், முதல்வரிலிருந்து கடவுளுக்கு. அந்த வரிசை மாறாது. கோச்சுகள் மைக் முன்னால் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு சதவீதமாகப் பேசுவார், ஐந்து கோல் வாங்கியிருப்பார், பந்து எங்களிடம்தான் அதிக நேரம் இருந்தது என்பார். இருந்தது, வலைக்குள் இருந்ததையும் சேர்த்தால். சேலத்து மனிதருக்கு நடுவரின் விசிலில் தொடங்கி நடுவரின் மாமியார் வரைக்கும் எல்லாவற்றிலும் சந்தேகம். இன்னொருவர் இருக்கிறார், அவர் அழுவார். தோற்றாலும் அழுவார், ஜெயித்தாலும் அழுவார், கண்ணாடியைக் கழற்றியதுமே கேமராக்காரர்கள் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். ஆவேசமான மனிதர், விளையாட்டுக்கே தன்னைக் கொடுத்தவர் என்று மறுநாள் அரைப்பக்கம் எழுதுவார்கள். நான் ஒரு முறை, ஒரே ஒரு முறை, மேசையைத் தட்டிப் பேசினேன். மேடம் டென்ஷனாயிட்டாங்க என்று சிரித்தார்கள். வயசு அப்படி என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆம்பளை அழுதாலும் ஆவேசம், நான் கத்தினால் வயசு. அதற்கப்புறம்தான் மூன்று வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தேன். நன்றாக ஆடினோம். தவறுகளைத் திருத்திக்கொள்வோம். எல்லோருக்கும் நன்றி. மூன்று வாக்கிய மேடம் என்று எனக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதோ, நான் பேசப் போகிறேன் என்பதற்காக இப்போதே இரண்டு பேர் பேனாவை மூடிவிட்டார்கள்.

மூன்று வாக்கியம் வெறும் சோம்பல் இல்லை. கோச் சொல்லும் ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் ஓடும் என்று எனக்குத் தெரியும், நான் அதைச் சுமந்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் நான் ஆடிய காலத்தில் எங்கள் கோச்சுக்கு வாய் நிறைய வேடிக்கை. நிருபர்கள் அவரைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல மொய்ப்பார்கள். ஒரு அரையிறுதியில் நான் பந்தைத் தப்பான பக்கம் கொடுத்துவிட்டேன். அவர் நிருபர்களிடம், "ராஜகனிக்கு ஆண்டவன் ரெண்டு காலக் குடுத்தான். மூளை குடுக்கற நேரத்துல அவ மைதானத்துல ஓடிக்கிட்டிருந்திருப்பா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. மறுநாள் பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஹாஸ்டலில் ஒட்டிவைத்தார்கள். மாநில அணிக்கு ஆள் எடுத்தபோது ஒருவர் என்னைப் பார்த்து, ஓ, அந்த மூளைப் பொண்ணா என்று கேட்டார், அந்த வருடம் என்னை எடுக்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா அதைச் சொல்லிக் காப்பியைச் சிந்தச் சிந்தச் சிரித்தார். கோச் அதைச் சொன்ன மறுநிமிடமே மறந்திருப்பார். அவருக்கு அது வேடிக்கை, எனக்கு அது பெயர். இன்றைக்கும் கணக்கில் ஒரு சின்னப் பிசகு வந்தால் முதலில் அந்தச் சிரிப்புத்தான் கேட்கிறது. அப்பேர்ப்பட்ட ஒரு வாக்கியத்தை நான் எடுத்து எழிலரசியின் கழுத்தில் கட்ட வேண்டுமாம், புல்லுக்காக.

கீப்பர் ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டா. என்ன தப்பு பண்ணினாள்? முதல் பாதி முடியும் தறுவாயில் எதிரணிப் பெண்ணின் காலடியில் பாய்ந்து பந்தை அணைத்தாள். அந்தப் பெண்ணின் பூட்ஸ் அவளுடைய வலது கைமேல் இறங்கியது. வேண்டுமென்று இல்லை, ஆட்டத்தில் நடப்பதுதான். எழுந்து நின்று எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள், ஆனால் இடது கைக் கட்டைவிரலை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம், இடைவேளை விசில் ஊதியது. பதினைந்து நிமிடம் என்பது எங்களுக்கு ஒரு வரம். கையை ஐஸில் வைத்துப் பார்க்கலாம், விரல் மடங்கவில்லை என்றால் ரிசர்வ் கீப்பரைத் தயார் பண்ணலாம், ஆள் மாற்றும் சீட்டை எழுதி நான்காவது நடுவரின் மேசையில் கொடுத்துவிடலாம், எதிரணி இடதுபக்கமாகவே வருகிறது என்று தடுப்பாட்டக்காரிகளிடம் சொல்லலாம். எல்லாவற்றையும் மனதில் வரிசையாக வைத்துக்கொண்டு ஓடுகிறேன். அப்போதுதான் மைக்கில் சொல்கிறார்கள், சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், இரு அணி வீராங்கனைகளும் வரிசையில் நிற்கவும். ஆட்டம் தொடங்கும்போது வர வேண்டிய மனிதர். அப்போது வந்திருந்தால் தொடக்கத்திலேயே கை குலுக்கிவிட்டுப் போயிருப்பார், எல்லாப் போட்டியிலும் அதுதான் நடைமுறை. வரவில்லை என்றால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? விடமாட்டார்கள். கை குலுக்கல் என்று அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது, எப்பாடுபட்டாவது குலுக்கியே தீர வேண்டும்.

ஐஸ். ஐஸ் பெட்டியை எங்கே என்று தேடுகிறேன், எங்கள் பெஞ்சுக்கு அடியில் வைத்த தெர்மாகோல் பெட்டி. மேடைக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே விருந்தினருக்கான ஜூஸ் பாட்டில்கள் கழுத்தளவு புதைந்து குளிர்ந்துகொண்டிருக்கின்றன. தொண்டர் ஒருவர், "மேடம், இத எடுக்காதீங்க, ஐயாவுக்கு," என்கிறார். ஐயாவின் தொண்டைக்கு. ரிசர்வ் கீப்பரைத் தேடுகிறேன். அவள் கையில் சந்தனத் தட்டு. நல்ல சிவப்பா இருக்கா, தட்டப் பிடிக்கச் சொல்லுங்க என்று விழாக்குழுவில் யாரோ ஒரு அம்மா இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறாள். கையுறையைக் கழற்றிவைத்துவிட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள். நான்காவது நடுவரின் மேசையில் பொன்னாடைகள் அடுக்கியிருக்கின்றன, நடுவரைக் காணோம், அவர் விருந்தினருக்குக் குடை பிடிக்கப் போய்விட்டார். இதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் தோளில் ஒரு பொன்னாடை விழுகிறது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், சரிகை கழுத்தில் குத்தக் குத்த நின்றேன். அந்த நேரத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டாமா? எறியவில்லை. அந்தப் பொன்னாடை இப்போது என் பைக்குள் கிடக்கிறது, பையை நெருப்பில் போட வேண்டும் போலிருக்கிறது.

பிறகு அந்தக் கை. வரிசையில் முதல் ஆள் எப்போதும் கீப்பர்தான், எண் ஒன்று. விருந்தினர் வந்தார், வெள்ளைச் சட்டை, கை நிறைய மோதிரம். எழிலரசி இடது கையை நீட்டப் பார்த்தாள். "வலது கையக் குடும்மா, மரியாதை," என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொடுத்தாள். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அன்பாகத்தான் பிடித்தார், இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். புகைப்படக்காரர் மண்டியிட்டு, "ஐயா, விடாதீங்க, அப்படியே இங்க பாருங்க," என்றார். ஒரு படம். சூரியன் எதிரில் இருக்கிறது என்று இடம் மாறி இன்னொரு படம். யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள் என்று மூன்றாவது. "பாப்பா, கொஞ்சம் சிரிம்மா," என்றார். அவள் சிரித்தாள். அவள் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், வேறு யார் பார்த்தார்கள்? விருந்தினர் கையை எடுத்தபோது நடுவர் வாட்சைப் பார்த்துவிட்டார். விளக்கு இல்லாத மைதானம், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும், விசில். "எழில், முடியுமா? இல்லன்னா சொல்லு," என்று ஓடிக்கொண்டே கேட்டேன். "ஆடிடுவேன் மேம். நீங்க போங்க மேம்." முதல் தாக்குதலிலேயே பந்து அவள் பக்கம் வந்தது, சின்னப் பிள்ளை பிடிக்கிற பந்து, வாகாக வந்து கையில் உட்கார்ந்தது. இடது கை மூடியது, வலது கை மூடவில்லை. காலடியில் விழுந்ததை எதிரணிப் பெண் தட்டிவிட்டாள். பிறகு மாற்றினேன். ஆனால் அதற்குள் பெண்களின் முகத்தில் களை போய்விட்டது, களை போன பிறகு இரண்டாவது கோல் தானாக வந்தது. கைநழுவல் என்று போடுவார்கள். கீப்பரின் கைநழுவலால் கோப்பையைக் கோட்டைவிட்ட கடலூர். ககர வரிசை அழகாக வந்துவிட்டால் இவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

செல்வமணி சார் கடவுளுக்கு வந்துவிட்டார். சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது, கோபத்தில் வியர்க்கிறதா பயத்தில் வியர்க்கிறதா என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே தண்ணீர்தான். புல். எனக்குப் புல் வேண்டாமா? எங்கள் மைதானத்தில் ஆண்டுவிழாவுக்கு வண்டி நிறுத்துகிறார்கள், ஆணியும் பாட்டில் மூடியுமாகக் கிடக்கும், பெண்கள் ஆடுவதற்கு முன்னால் குனிந்து பொறுக்க வேண்டும். முட்டியில் தோல் இல்லாத பெண் என் அணியில் ஒருத்தியும் இல்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து புல் புல் என்று கேட்டு எனக்குப் புல்லுக்கட்டு மேடம் என்று இன்னொரு பெயரும் உண்டு. இப்போது வாசல்வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். எழிலரசி போனால் இன்னும் இருபது எழிலரசிகள் புல்லில் ஆடுவார்கள் என்று எனக்குள்ளேயே ஒரு செயலாளர் தணிந்த குரலில் பேசுகிறார். கேட்கவும் நியாயமாக இருக்கிறது, அதுதான் எரிச்சல். மூன்று வாக்கியம் சொல்லிவிட்டால் என்ன? கீப்பரைப் பற்றி நல்லதும் சொல்லாமல் கெட்டதும் சொல்லாமல்? யாராவது கேட்பார்கள். அந்தப் பஞ்சு மைக் வைத்திருக்கும் யூடியூப் பையன் கேட்பான், கீப்பர் சொதப்பினது பத்தி மேம் என்பான். நான் சும்மா இருந்தால் அதுவே பதில். சும்மா இருப்பதும் ஒரு வாக்கியம்தான், மூளை இல்லாதவளுக்கும் அது தெரியும். இந்தக் கூடத்துக் கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருக்கிறாள். மீந்துபோன ஐஸ் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு, ஜூஸ் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு. நான் உள்ளே வரும்போது என்னிடம் சாரி மேம் என்றாள். என்னிடம் ஏன் சொல்கிறாள்? இந்தக் கூடத்தில் எத்தனை பேர் அவளிடம் சொல்ல வேண்டும்.

கைதட்டல். செல்வமணி சார் மைக்கை என் பக்கம் தள்ளி, பெரிய மனதோடு ஒரு புன்னகையும் தள்ளுகிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. செயலாளர் கண்ணை மூடித் திறக்கிறார். மைக் செல்வமணி சாரின் மூச்சில் இன்னும் சூடாக இருக்கிறது.

"வணக்கம். மூணு வாக்கியத்துல முடிச்சிருவேன்னு பேனாவ மூடிட்டீங்க. கொஞ்சம் திறந்துக்கோங்க," என்கிறேன். என் குரல்தான், ஆனால் இதுவரை மைக்கில் கேட்டதில்லை. "நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கணும், அதான் முறை. சிறப்பு விருந்தினருக்கு நன்றி. தொடக்கத்துல வரவேண்டியவங்க இடைவேளையில வந்தாங்க. அந்த இடைவேளை எங்க பிள்ளைங்களோடது. அத எடுத்துக்கிட்டதுக்கு நன்றி. காயத்துக்கு வச்சிருந்த ஐஸ்ல ஜூஸ் வச்சவங்களுக்கு நன்றி. என் ரிசர்வ் கீப்பர் கையில சந்தனத் தட்டக் குடுத்தவங்களுக்கு நன்றி. கீப்பர் மேல பழியப் போட்டுட்டு எறங்குங்கன்னு வாசல்ல வச்சுச் சொன்ன எங்க செயலாளர் ஐயாவுக்கு நன்றி, அதோ உக்காந்திருக்காங்க. இத்தனையும் நடக்கறப்ப பொன்னாடையப் போர்த்திக்கிட்டுப் பல்லக் காட்டிட்டு நின்னேன், எனக்கும் ஒரு நன்றி."

செயலாளர் எழுந்துவிட்டார். புல் எழுந்து போகிறது. போகட்டும். யூடியூப் பையன் பஞ்சு மைக்கை முன்னால் நீட்டுகிறான். செல்வமணி சார் மேசைத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார், இதற்கு அவரிடம் பழமொழி இல்லை போலும். மூன்றாவது வரிசையில் அந்தப் புகைப்படக்காரர், பை வைத்த சட்டை, கேமரா மடியில். அவரைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

"அண்ணே, கடைசி நன்றி உங்களுக்கு. என் கீப்பர் கையப் பிடிச்சபடி மூணு படம் எடுத்தீங்க. பூட்ஸ் ஏறின கை அது. அந்தப் படம் உங்க கேமராவுலயே இருக்கும். திறங்க. ஐயாவ விட்டுருங்க, அவ மூஞ்சிய மட்டும் பெரிசாக்கிப் பாருங்க. கை நழுவிருச்சுன்னு எழுதறதா இருந்தா எழுதுங்க, அந்தப் படத்தப் பக்கத்துல போட்டு எழுதுங்க. என்கிட்ட வேற பேச்சு இல்ல."

மைக்கைக் கீழே வைக்கிறேன். அது மேசையில் உருண்டு ஒரு தடவை இரைந்து அடங்குகிறது. புகைப்படக்காரர் கேமராவைத் திருப்பி, கட்டைவிரலால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போகிறார், நிற்கிறார், பெரிதாக்குகிறார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்க்கிறார். பின்வரிசைக்காரர் எழுந்து வந்து தோளுக்கு மேலே குனிகிறார். எழிலரசி கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள், வலது கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவளை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் அந்தச் சின்னத் திரையில் அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.